தடாவின் அட்டை

வக்கீல் அறையில் மின்விசிறி சுழன்றும் தடாவுக்கு வியர்த்துக் கொட்டியது. கோபம் அப்படி. இருபத்திரண்டு வருடம் கிரேன் பரிசோதகராக இருந்தவர். ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும் கிரேனுக்குத் தடா போட்டுவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. அந்த மனிதரைத்தான் போன மாதம் விமான நிலையத்தில், பாஸ்போர்ட்டை நீட்டிய கையோடு பிடித்து மூன்று நாள் உள்ளே வைத்தார்கள். அவர் முன்பு வேலை பார்த்த நாட்டில் ஒரு கிரேன் சரிந்து அதை ஓட்டியவர் செத்துப்போனார். கிரேன் நன்றாக இருப்பதாகப் பொய்ச் சான்று கொடுத்துவிட்டுத் தடா ஓடிவிட்டார் என்று அந்தக் கம்பெனி மேனேஜர் புகார் கொடுக்க, சர்வதேசப் போலீஸ் அவர் படத்தோடு உலகம் முழுக்க அறிவிப்பு அனுப்பிவிட்டது.

"ஓடல மேடம்! கிரேன் சரியிறதுக்கு முன்னாடியே ராஜினாமா குடுத்துட்டுத்தான் வந்தேன். அவனே கை குலுக்கி வழியனுப்பினான்."

"கத்தாதீங்க சார். அறிவிப்ப எடுக்கச் சொல்லி சர்வதேசப் போலீஸ் தலைமையகத்துக்கு மனு போடணும். அதுவரைக்கும் உங்கள அங்க அனுப்பக் கூடாதுன்னு திங்கக்கிழமை இங்க ஜட்ஜ்கிட்ட கேக்கணும். ரெண்டுக்கும் காகிதம் வேணும். வெறும் வாய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

தடா பர்ஸிலிருந்து கையகலச் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து வைத்தார். பழுதான கிரேனில் மாட்டும் அட்டையின் கீழ்ப்பாதி. மேல்பாதி கிரேனில் தொங்கும். கீழ்ப்பாதியில் ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கி, கிழித்துப் பரிசோதகர் வைத்துக்கொள்வார். இரண்டிலும் ஒரே எண், ஒரே தேதி, ஓட்டுநரின் பெயர்.

"இத ஏன் சார் ஒரு மாசமா காட்டல?"

"செத்தவரோட கையெழுத்து மேடம் அது. பழுதுன்னு தெரிஞ்சே ஏறினான்னு பழிய அவர் மேலயே போட்டுருவாங்க. நான் தப்பிக்கிறதுக்கு ஒரு நல்ல மனுஷன் தலையில கட்டவா?"

"அவர் சம்சாரத்த ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. செய்தி தெரிந்தபோதே துக்கம் விசாரித்திருக்க வேண்டும். எந்த முகத்தோடு பேசுவது என்று தள்ளிப்போட்டு எட்டு மாதம் ஆகிவிட்டது. வக்கீல் மேஜையில் கிடந்த தடாவின் போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இப்பதான் ஞாபகம் வந்துச்சா அண்ணா?" எடுத்ததுமே கேட்டாள், இன்னும் அந்த நாட்டிலேயே இருந்த ஓட்டுநரின் மனைவி.

தடா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். மறுமுனையில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

"நம்பர் சொல்லுங்க."

"நாலு, ஏழு, ஒண்ணு, மூணு."

"மேல்பாதி எங்கிட்ட இருக்கு. எழுத்துல குடுத்தாதான் ஏறுவேன்னு இவரு சொல்லியிருக்காரு. மேனேஜர் அட்டையப் பிடுங்கி, அதோட பின்பக்கத்துலயே 'ஓட்டலாம்'னு எழுதிக் கையெழுத்து போட்டு மூஞ்சில எறிஞ்சிருக்கான். சாப்பாட்டுப் பையில போட்டு வீட்டுக்குக் கொண்டாந்தாரு. மறுநாள்தான் ஏறினாரு."

"இத ஏம்மா யார்கிட்டயும் காட்டல?"

"முன்பக்கத்துல இவரு பேரு இருக்கே! தெரிஞ்சே ஏறினான்னு சொல்லிருவாங்கன்னு ஒளிச்சு வச்சேன்."

செத்தவர் பேரைக் காப்பாற்றுகிறோம் என்று ஆளுக்கொரு பாதியைப் பொத்தி வைத்திருந்தார்கள். மேனேஜர் நிம்மதியாகக் கால் நீட்டித் தூங்கியிருக்கிறான். தடா மேஜையில் ஓங்கிக் குத்தினார். அந்தக் குத்து மேனேஜருக்குப் பாதி, தனக்குப் பாதி.

"ஒரு போன் அண்ணா. எட்டு மாசத்துல ஒரே ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?" அவள் அழவில்லை. "போட்டோ அனுப்புறேன். அசல நான் குடுக்க மாட்டேன். இந்த ஊர் கோர்ட்ல அவன் முன்னாடி நானே காட்டணும். கீழ்ப்பாதியோட நீங்களும் வரணும்."

போட்டோவைப் பார்த்த ஜட்ஜ் அனுப்பக் கூடாது என்று உத்தரவு போட்டார். நாலு மாதம் கழித்துத் தலைமையகத்திலிருந்து இரண்டே வரியில் கடிதம் வந்தது: அறிவிப்பு நீக்கப்பட்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது.

"இனிமே அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்காதீங்க" என்றார் வக்கீல். "அறிவிப்புதான் போச்சு. அந்த ஊர் வாரண்டு அப்படியே இருக்கு. இறங்கினதும் பிடிச்சிருவாங்க."

தடா சட்டைப்பையிலிருந்த டிக்கெட்டைக் காட்டினார்.

"பிடிக்கட்டும் மேடம். கோர்ட்டுக்குத்தானே கொண்டுபோவாங்க? அங்கதான் அந்தப் பொண்ணு நிக்குது. ஏற்கெனவே ஒரு வருஷம் லேட்டு."