மூன்று வேளைக்கு அந்த மாத்திரை

2005ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், திருத்தணி பஜார் தெருவில் இருந்த வேதாசலம் மெடிக்கல்ஸில், திருவாலங்காட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயி சின்னசாமிக்கு சில்டெனாஃபில் மாத்திரை நான்கு விற்கப்பட்டது. அவர் கேட்டது ஒரு மாதத்துக்கு.

வீட்டுக்கு வந்து வேட்டி மடிப்பிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை அவர் மனைவி பாஞ்சாலி பிரித்துப் பார்த்தாள். செய்தித்தாள் துண்டு, அதற்குள் இன்னொரு துண்டு, அதற்குள் மாத்திரை.

"இன்னாங்க இது, கல்யாண வூட்டுப் பாக்கு மாதிரி மடிச்சிக் குடுத்துக்கிறான்? நாலுதான் இருக்குது."

"ஸ்டாக் இல்லியாம்" என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சின்னசாமி மோட்டார் கொட்டகைப் பக்கம் போனார்.

ஆண்மைக்கு என்று பெயர் வாங்கிய அந்த மாத்திரையை வாங்குவதற்குப் பஜார் தெருவில் ஒரு முறை இருந்தது. கடையில் பெண்கள் யாராவது நின்றால் வாங்க வந்தவன் எதிரே உள்ள வளையல் கடையை வேடிக்கை பார்க்க வேண்டும். அவர்கள் போன பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து, பெயர் சொல்லாமல், "ஒண்ணு குடுப்பா" என்று ஒரு விரலைக் காட்ட வேண்டும். வேதாசலம் கீழ் இழுப்பறையைத் திறந்து, அட்டையிலிருந்து ஒன்றைக் கிழித்து, காகிதத்தில் மடித்து, இருமலுக்குக் கொடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கொடுப்பார். பில் கிடையாது. பெண்களுக்கு அவர் அதை விற்றதில்லை. கேட்டு எந்தப் பெண்ணும் வந்ததும் இல்லை. ஊரில் ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்த இந்த முறை பாஞ்சாலிக்குத் தெரியாது.

மாத்திரை அவள் மகள் கவிப்பிரியாவுக்கு. கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரலாறு படித்துக்கொண்டிருந்தவள், போன ஆடியில் புறப்பட்ட பஸ்ஸில் ஓடி ஏறிப் படியிலேயே மயங்கி விழுந்தாள். ரத்தம் கம்மி என்றார் ஒரு டாக்டர். ஆஸ்துமா என்றார் இன்னொருவர். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சுருங்கி, அங்கே மட்டும் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது என்று தெரிந்தது. சீட்டு எழுதிய டாக்டர் சாய்லக்ஷ்மி சின்னப் பெண். எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"பேரைப் பாத்துட்டு கடையில ஒரு மாதிரி பேசுவாங்கம்மா. கண்டுக்காதீங்க. இது மொதல்ல நெஞ்சுவலிக்குன்னு பண்ணின மருந்து. அதுக்குப் பெருசா கேக்கல. ஆனா சாப்பிட்ட ஆம்பளைங்களுக்கு வேற ஒண்ணு நடந்துச்சு. அதுக்கான மருந்துன்னே பேரு வெச்சு வித்துட்டாங்க. சுருங்கின ரத்தக் குழாயைத் தளர்த்தி விடறதுதான் அதோட வேலை. அந்த மாதிரி குழாய் நுரையீரல்லயும் இருக்கு."

சின்னசாமி சுவரில் மாட்டியிருந்த போலியோ சொட்டு மருந்து விளம்பரத்தைப் பார்க்கத் தொடங்கினார். பாஞ்சாலி கேட்டாள்: "அப்ப யாரு ஆம்பள, யாரு பொம்பளன்னு மாத்திரைக்குத் தெரியாது?"

"தெரியாதும்மா. போற எடத்துல எல்லாம் வேலை செய்யும். கண்ணுலகூட லேசாத் தொடும், கொஞ்ச நேரம் நீலமாத் தெரியலாம். பயப்படாதீங்க. ஆனா ஒரு நாள்கூட விடக் கூடாது." பிறகு குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் பண்ணுங்க, வேணாங்கல. பிள்ளை பெத்துக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து" என்றாள்.

மூவரும் ரயிலில் திரும்பினார்கள். ஊர் நெருங்கும்போது கவிப்பிரியா, "நைனா, எனக்குக் கடலை வேணும்" என்றாள்.

மாத்திரை வேலை செய்தது. வரப்பில் நான்கு எட்டு வைத்து உட்கார்ந்தவள் மோட்டார் கொட்டகை வரைக்கும் நடந்தாள். "அம்மா, முருகரு மலைக்கு நீலச் சொக்காய் போட்டுவிட்டுட்டாரு" என்று ஒரு நாள் காலையில் சிரித்தாள். பாஞ்சாலிக்கு அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிப் போட முடிந்தது. மற்றது என்பது அவள் தம்பி மகன் ஸ்ரீதர். கனகம்மாசத்திரத்தில் தம்பிக்கு லாரி டயர் கடை. பங்குனியில் தட்டு மாற்றுவதாகப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்குக் கொஞ்சம் மூச்சிரைப்பு, மருந்து சாப்பிடுகிறாள் என்று மட்டும் அங்கே சொல்லியிருந்தது.

"ஸ்ரீதர் பாவாகிட்ட நானே சொல்லிடட்டாம்மா?" என்று கேட்டாள் கவிப்பிரியா.

"தட்டு மாத்தட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

"அப்பறம் இன்னா பாக்கறது? வண்டிய வித்துட்டு, இன்ஜின் ரிப்பேருன்னு சொல்றதா?"

"வாயப் பாரு" என்று அதட்டிவிட்டு பாஞ்சாலி அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

முதல் சில மாதங்கள் சென்னையிலேயே வாங்கி வந்தார்கள். தை பிறந்ததும் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது. வெட்டுகிற ஆட்களும் டிராக்டரும் கிடைத்த நாளில் கரும்பை வெட்டி ஏற்றாவிட்டால் அது வயலிலேயே காய்ந்து எடை இறங்கிவிடும். வீட்டை விட்டு யாரும் நகர முடியவில்லை. அதனால்தான் சின்னசாமி திருத்தணிக் கடைக்குப் போனார். நான்கு மாத்திரையோடு வந்தார். மறுபடி போய் வெறுங்கையோடு வந்தார். "இன்னும் ஸ்டாக் வரல" என்றார். கேட்டால் கோபப்பட்டார். கரும்பு லோடுக்குப் போன இடத்தில் சாப்பிடாமல் திரும்பினார். பாதிப் பாதியாக உடைத்துக் கொடுத்த மாத்திரை தீர்ந்து, ஒரு நாள் போய், இன்னொரு நாளும் போனது. மூன்றாம் நாள் காலையில் தலை வாரிக்கொண்டிருந்த கவிப்பிரியா சீப்போடு சரிந்தாள். உதடு நாவல் பழம் தின்றதுபோல் இருந்தது.

திருத்தணி அரசு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். கண் திறந்தாள். டியூட்டி டாக்டர் சென்னைச் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, "இந்த மாத்திரை நம்மகிட்ட வர்றதில்லம்மா. நிறுத்தினதுதான் தப்பு. வெளிய வாங்கி உடனே ஆரம்பிங்க" என்றார். வராந்தாவில் சின்னசாமி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கடையில இருக்குதுடி" என்றார்.

"இன்னா?"

"ஸ்டாக் இருக்குது, கீழ் இழுப்பறைல. மூணு வேளைக்கு, ஒரு மாசத்துக்கு வேணும்னு கேட்டேன். வேதாசலம் பயந்துட்டான். 'அண்ணே, வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கோ, நெஞ்சு நின்னுப்பூடும்'னு நாலோட நிறுத்திட்டான்."

"சீட்டக் காட்டலியா?"

"சீட்டுல பாப்பா பேரு இருக்குது."

அவர் மெல்ல மெல்லச் சொன்னார். அன்றைக்குக் கடையில் சிங்காரமும் நின்றிருந்தான். கனகம்மாசத்திரத்துக்காரன், அவள் தம்பிக்குப் பக்கத்து வீடு, டிராக்டர் ஓட்டுகிறவன். ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நின்றபோது, "இன்னா மாமா, நாலு போதுமா? சீசன் முடியறதுக்குள்ள ஆளு முடிஞ்சிடுவ போலக்கீதே" என்று சத்தமாகக் கேட்டான். வரிசை முழுக்கச் சிரித்தது. சின்னசாமியும் சிரித்து வைத்தார். கல்யாணமாகாத பெண்ணுக்கு அந்த மாத்திரை என்று சொல்வதைவிட, அந்த வயதில் அப்படி ஒரு ஆசைக்காரன் என்று பெயர் வாங்குவது அவருக்கு மேலாகத் தெரிந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவே மறுபடி போய் நிற்க முடியவில்லை. இரண்டாம் தடவை வளையல் கடையோடு திரும்பிவிட்டார்.

பாஞ்சாலிக்கு அவரை அடிக்கவும் தோன்றியது, அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"அவங்க சிரிச்சாங்க, நீ வாங்கிக்கின. சரி. அதுக்கு ஏன்யா அதும் மூச்ச நிறுத்தின?"

சின்னசாமி எழுந்தார். "நான் போய் வாங்கியாறேன்."

"மறுபடியும் நாலா? ஒக்காரு. அதும் பக்கத்துல ஒக்காரு." சீட்டை வாங்கிக்கொண்டு அவள் இறங்கி நடந்தாள்.

அன்று கிருத்திகை. பஜார் தெருவில் மொட்டைத் தலைகளில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. திருப்பதி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் தமிழிலும் தெலுங்கிலும் பிள்ளைகளை அதட்டினார்கள். மருந்துக் கடையில் ஐந்தாறு ஆண்கள் நின்றார்கள். அதில் சிங்காரமும் ஒருவன், கையில் காயத்துக்குப் போடும் பஞ்சுச் சுருள். பாஞ்சாலி சீட்டைக் கல்லா மேல் வைத்தாள். வேதாசலம் படித்தார். உடனே அதைக் குப்புறக் கவிழ்த்தார்.

"அண்ணன அனுப்பும்மா" என்றார் மெதுவாக.

"எந்த அண்ணன?"

"உங்க வூட்டுக்காரர. இது லேடீஸுக்குக் குடுக்கறதில்ல."

"சீட்டுல அப்படி எழுதிக்கிதா?"

"மெதுவாப் பேசும்மா. நாலு பேரு நிக்கறாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். சிங்காரம் பல்லைக் காட்டத் தயாராக இருந்தான். இப்போது வாயைத் திறந்தால், வார்த்தை கனகம்மாசத்திரம் போய்ச் சேர அடுத்த பஸ் போதும். தட்டு வராது. தம்பி வீட்டுப் படி இனி ஏற முடியுமா என்பதும் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கவிப்பிரியாவின் மூக்கில் குழாய் இருந்தது.

"எதுக்கு மெதுவா? எம் பொண்ணு கவிப்பிரியாவுக்கு மாத்திரை வேணும். நெஞ்சிலேந்து போற ரத்தக் குழா சுருங்கிப்போச்சு. இத மூணு வேளையும் துன்னாத்தான் அது மூச்சு வுடும். உங்க கீழ் இழுப்பறைல இருக்குது. எடுங்க."

தெருவில் இருந்தவர்களும் திரும்பினார்கள். வேதாசலத்தின் கை இழுப்பறைக்கும் சீட்டுக்கும் நடுவில் நின்றது. "பொண்ணுக்கா? நான் அண்ணனுக்குத்தான்னு நெனச்சேன். கெடுதல் வந்துடப் போவுதுன்னுதான் நாலோட…" என்றார். அவர் முகம் நிஜமாகவே வெளுத்திருந்தது.

"நல்லதுக்குத்தான் நெனச்ச. எம் பொண்ணு ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீது."

கூட்டத்தில் யாரோ, "பொம்பளைக்குப் போயி இந்த மாத்திரையா" என்று முனகினான்.

"ஆமா. பொம்பளைக்கும் நெஞ்சு கீதுய்யா. இது மொதல்ல நெஞ்சுக்குன்னு பண்ண மாத்திரைதான். நடுவுல நீங்க எல்லாம் பூந்துட்டீங்க."

யாரோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். இந்தத் தடவை சிங்காரம் சிரிக்கவில்லை. பாஞ்சாலி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"சிங்காரம், எங்க வூட்டுக்காரரு ஒண்ணும் மைனர் இல்ல, தெரிஞ்சிக்கோ. அப்படியே எந் தம்பிகிட்ட போயி சொல்லிடு. பொண்ணுக்கு வந்துக்கிறது மூச்சிரைப்பு இல்ல, பெரிய சீக்கு. மாத்திரைய நிறுத்த முடியாது. புள்ள பெத்துக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கிறாங்க. எல்லாத்தையும் சொல்லு. பாதிய முழுங்கிடாத, நான் வந்து கேப்பேன்."

"ஆங், சரிக்கா" என்றான் சிங்காரம். பஞ்சுச் சுருளை வாங்கிக்கொள்வதா, வைத்துவிடுவதா என்று தெரியாமல் கையில் திருப்பிக்கொண்டிருந்தான்.

வேதாசலம் இருந்த அட்டைகளையெல்லாம் எடுத்து, பழக்கத்தில் செய்தித்தாளைக் கிழித்தார்.

"ஜுர மாத்திரைய இப்பிடித்தான் மடிச்சிக் குடுக்கறியா?"

அவர் காகிதத்தைக் கீழே போட்டார். பில் புத்தகத்தை எடுத்து, பெயர் என்று போட்ட இடத்தில் கவிப்பிரியா என்று எழுதினார். "மீதிய நாளைக்கு ஆளனுப்பி எடுத்தாந்து வெக்கறேன்மா" என்றார். பாஞ்சாலி அட்டைகளை வெறும் கையில் விசிறிபோலப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவிலேயே ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி பெண்டாட்டி பூவம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள், தண்ணீர் குடிக்கவில்லை. "மொதல்லயே சொல்லிருக்கலாம் இல்ல அண்ணி" என்றாள். "சொல்லிருக்கலாம்" என்றாள் பாஞ்சாலி. பங்குனியில் தட்டு மாற்றவில்லை. சித்திரையில் ஸ்ரீதருக்குப் புத்தூரில் பெண் பார்த்தார்கள்.

ஏப்ரலில் கவிப்பிரியா பல்கலைக்கழகத் தேர்வு எழுதினாள். தேர்வு அறை முதல் மாடியில் இருந்தது. ஏறும்போது நடுவில் ஒரு முறை நின்றாள். பிறகு மேலே போனாள்.