மச்சினனைவிட இரண்டு அதிகம்

அண்ணனுடைய மச்சினன் வீட்டு மாடியில் எட்டு சோலார் பேனல். அப்படியென்றால் அண்ணன் வீட்டு மாடியில் பத்து பேனலாவது இருந்தே தீர வேண்டும். அதற்கு மேல் அந்தப் புண்ணியவான் எதையும் யோசிக்கவில்லை.

யோசித்தவள் தங்கைதான். அப்பா நெஞ்சு நோயாளி. மூக்கில் குழாய் மாட்டிக்கொண்டு, கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினை நம்பித்தான் மூச்சு விடுகிறார். கரண்ட் போனால் கைவசம் இருப்பது ஒரே ஒரு சின்ன சிலிண்டர். அதுவும் அரை மணி நேரம் தாங்கினால் அதிகம்.

சோலார் கடைக்காரர் வீட்டுக்கு வந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள். "ஆறு பேனல் போதும்ணா. மிச்சத்துக்கு பேட்டரி போட்டுடலாம். கரண்ட் போனாலும் அப்பா மெஷின் ஓடணும்."

"பேட்டரி படிக்கட்டுக்கு அடியில கெடக்கும். யார் கண்ணுல படப்போகுது?" என்றான் அண்ணன். "வெயில் அடிக்கிற வரைக்கும் இது தானா ஓடும். நான் எல்லாம் விசாரிச்சுட்டேன்."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அவரை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

பத்தும் ஏறின. மூன்றாவது வாரம் மச்சினன் பார்க்க வந்தான். மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயில். அண்ணன் அவனிடம் மாடியில் நின்று பெருமை அளந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. கீழே மெஷின் ஒருமுறை கூவிவிட்டு நின்றது. அப்பாவின் உதடு நீலம் பாய்வதற்குள் அவள் குழாயைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, படிக்கட்டைப் பார்த்து அலறினாள்.

அண்ணன் இறங்கி வந்து கடைக்காரருக்கு ஃபோன் போட்டான். ஸ்பீக்கரில் அவர் குரல் நிதானமாக வந்தது.

"லைன் கரண்ட் போனா இதுவும் நின்னுடும் சார். கம்பியில வேலை செய்யறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதில்ல? அப்பவும் ஓடணும்னா பேட்டரி வேணும். அன்னிக்கு மாடியில வெச்சே சொன்னேனே! தெரியும்னு கையெழுத்துகூடப் போட்டீங்க."

தெரிந்தே செய்திருக்கிறான். மச்சினன் காதில் விழுந்துவிடுமோ என்று அண்ணன் அவசர அவசரமாக ஃபோன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"கத்தாத. மேல ஆள் இருக்கு."

சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு. இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்ததை நினைக்கவே கூசியது.

சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது கரண்ட் வந்தது. மெஷின் இரைந்ததும் அவள் குழாயைத் திரும்ப அதற்கு மாற்றினாள். அப்பா கண்ணை மூடி ஐந்தாறு மூச்சு இழுத்தார். பேசத் தெம்பு வந்ததும் அவள் கையைப் பிடித்தார்.

"அவனை ஒண்ணும் சொல்லாதம்மா. மச்சினன் முன்னாடி அவனுக்கு அசிங்கமாயிடும்."

அண்ணன் மேல் வந்த அருவருப்பு அந்த நொடியில் அப்பா மேலும் படர்ந்தது. அவள் கையை உருவிக்கொண்டாள். பிறகு, நழுவிக் கிடந்த குழாயை எடுத்து அவர் மூக்கில் சரியாக மாட்டிவிட்டாள்.