கோழிக்கு வைத்த மருந்து

இசக்கியம்மாளின் காய்ச்சல் இறங்குவதாக இல்லை. மடவார் வளாகம் பகுதியில் இருந்த தன் சிறிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருபாபாய் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். நூற்று நான்கு.

குடலில் கிருமி புகுந்த காய்ச்சல்தான், சந்தேகமில்லை. ஊரறிந்த குளோராம்பெனிகால் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. அது வேலை செய்ய நாலைந்து நாள் பிடிக்கும். பொறுப்பதா, மாற்றுவதா? ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை இந்தப் பெண் தாங்க வேண்டுமே!

"என்ன சாப்பிட்டா?" என்று மறுபடியும் கேட்டார்.

"வெளிச் சாப்பாடே கெடையாதும்மா," என்றாள் தாய் பரிபூரணம். "போன மாசம் வயசுக்கு வந்தா. தெனம் காலையில பச்ச முட்டை, மேல நல்லெண்ணெய். அதுவும் நம்ம பண்ணை முட்டை."

"பச்சையாவா?"

"இடுப்பு வலுக்கணும்லா?"

டாக்டர் சட்டென்று இசக்கியின் அப்பா சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பினார். சேத்தூரில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர் அவர்.

"கோழிக்கு மருந்து வைப்பீங்களா?"

சங்கரலிங்கம் துள்ளி எழுந்தார்.

"யாரு சொன்னா? பக்கத்துப் பண்ணைச் சங்கையா வந்தானா இங்க? அவன் கோழி கூண்டோட செத்ததுக்கு நான் மருந்து வச்சேன்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுதான்! எம்மவ தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணட்டுமா?"

"ஐயோ, விஷத்தைக் கேக்கலை. ஆன்டிபயாடிக்..."

"அந்தக் கண்றாவியெல்லாம் நம்ம பண்ணைக்குள்ள வந்ததே இல்ல. எங்க கோழிக்குச் சீக்கே கெடையாது. சீக்கு இல்லாத கோழிக்கு எதுக்கு மருந்து?"

சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் இசக்கி முனகினாள்.

"செத்த நேரம் வாயை மூடுங்க!" பரிபூரணம் புருஷன்மேல் பாய்ந்தாள். "அம்புட்டுக் கோழிக்கும் ஏன் சீக்கு வரலை? தீவனக் கம்பெனி ஏஜெண்டு கொண்டாந்து குடுத்தானே, தீவனத்துல கலக்குற சத்துப் பொடி. அதைத்தான் டாக்டரம்மா கேக்காவளோ என்னமோ!"

"அது சத்துல்லா? மருந்தா?"

"அந்த டப்பா எனக்கு வேணும். உடனே!" என்றார் டாக்டர்.

சங்கரலிங்கத்தின் மோட்டார் சைக்கிள் ராஜபாளையத்தைத் தாண்டிச் சேத்தூருக்குப் பறந்து திரும்பியது. டப்பாவின் மேல் படத்தில் கொழுத்த சேவல் ஒன்று கூவியது. அதன் காலடியில், எறும்பு வரிசைபோல் பொடி எழுத்து. டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

குளோராம்பெனிகால்.

"உங்க மகளுக்கு நான் குடுக்கிறதும் இதுதான்," என்றார். "தெனமும் சாட்டையடி வாங்கின மாட்டுக்கு அடி உறைக்குமா? கோழி வயித்துல இருந்த கிருமி இதைத் தின்னு தின்னு பழகிப்போச்சு. பழகினது முட்டையோட இவ வயித்துக்குள்ள வந்திருக்கணும். இனிமே இந்த மாத்திரையை மலையாட்டம் குடுத்தாலும் அசையாது."

"அப்ப... புள்ள?"

"வேற ஊசி இருக்கு."

டாக்டர் போனைச் சுழற்றினார். ராஜபாளையத்தில் மருந்துக்கடை வைத்திருந்த மைதீன் பிச்சையிடம் அந்தப் புது ஊசி இருந்தது. ஆள் அனுப்ப நேரமாகும் என்று அவரே ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறங்கினார். "மொதல்ல ஊசியைப் போடுங்கம்மா, மத்ததெல்லாம் பொறவு," என்று சொல்லி வெளி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

முதல் ஊசி ஏறியது. அன்று முழுக்கக் காய்ச்சல் முரண்டு பிடித்தது. மறுநாளும் அப்படியே. சங்கரலிங்கம் வாசலிலேயே நின்றார். மனைவியின் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் துணிவில்லை.

அதற்கடுத்த நாள், இசக்கியின் ரத்தத்திலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்த கண்ணாடித் தட்டு லேபிலிருந்து வந்தது. டாக்டர் அதை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார். பழைய மருந்து வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமி செழித்து வளர்ந்திருந்தது. புது மருந்தைச் சுற்றியோ, துடைத்துவிட்டதுபோல் வட்டமாக வெறுமை. ஒரு கிருமி இல்லை!

"ஜெயிச்சிட்டோம்!" என்று டாக்டர் கத்தியே விட்டார்.

வார்டுக்குள் ஓடினார். பரிபூரணம் முந்தானையால் மகளின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க வியர்வை. தெர்மாமீட்டர் தொண்ணூற்று ஒன்பதில் நின்றது.

இசக்கியம்மாள் கண்ணைத் திறந்தாள். "யம்மா, பசிக்கி. பரோட்டா வாங்கித் தா."

"ஏட்டி, எந்திரிக்கவே ஏலலை, அதுக்குள்ள பரோட்டாவா?"

"கஞ்சிதான்," என்றார் டாக்டர் கண்டிப்பாக.

"கஞ்சியை அந்த ஊசிக்காரிக்கே குடுங்க!" இசக்கி டாக்டரைக் கைகாட்டினாள்.

வார்டே சிரித்தது. வாசலில் சங்கரலிங்கம் சிரிக்கவும் முடியாமல், அழுகையை அடக்கவும் முடியாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டார்.