இரண்டு கணு ஆழம்

...போதும், நின்றுவிடு, வந்த வேலை முடிந்தது, கிளம்பு என்று அவள் தூறலிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள், சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, இன்னொரு கையில் கழுவாத கரண்டி. மழையைப் போ என்று விரட்டும் விவசாயி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்... இருந்துவிட்டுப் போகட்டும். பெய்தால் வெளுத்து வாங்க வேண்டும், இல்லையா, சத்தம்போடாமல் போய்விட வேண்டும், இப்படி இரண்டுங்கெட்டானாய்ப் பிசுபிசுத்தால் புழுதியில் போட்ட சோளம் மழைக்காலம் வந்துவிட்டதென்று நம்பி முளைவிடும், அடுத்த நாலு நாள் வெயிலில் கருகிப்போகும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அதுதான் நடந்தது, பச்சைப்பசேலென்று வந்ததைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள், ஒரே வாரம். சரி, மழை பெய்த பிறகே விதைப்போம் என்று போன வருஷம் காத்திருந்தால் ஊரே டிராக்டருக்கு வரிசையில் நின்றது, இவர்கள் முறை வருவதற்குள் மண்ணில் ஈரம் இல்லை. இந்த வருஷம் அவள்தான் ஒற்றைக்காலில் நின்றாள், மழைக்கு முன்பே போடுவோம், ஆனால் விரலில் இரண்டு கணு ஆழத்தில் போடுவோம், சின்னத் தூறல் அங்கே எட்டாது, பெருமழைக்குத்தான் விதை கண் விழிக்கும். "விதைக்கிறியா, கிணறு வெட்டுறியா?" என்றார் கணவர். அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "இது போச்சுன்னா வேற விதை இல்ல, ஞாபகம் இருக்கட்டும்." ஞாபகம் இல்லாமலா விதைத்த நாளிலிருந்து நாலு நாளாகத் தூக்கம் வரவில்லை? அந்த நாலு நாளும் அவர் அவளோடு பேசவில்லை, சுவரோடுதான் பேச்சு. காலையில் தூறல் ஆரம்பித்ததும் "குடை எங்க?" என்று சுவரைக் கேட்டார், சுவருக்குப் பதிலாக இவள் எடுத்து நீட்டினாள், வாங்காமலே "கடை வரைக்கும் போறேன்" என்று அதே சுவரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நல்ல சுவர், எதிர்த்துப் பேசாது. இந்த அழகில் நாத்தனாரின் போன் வேறு, "அண்ணி, அங்க மழையாமே, இனி என்ன கவலை?" ஆமாம்மா, நல்ல மழை என்று சொல்லி வைத்தாள், வேறென்ன சொல்வது, உன் வாயால் மழையைப் போகச் சொல் என்றா?

தூறல் விட்டதுபோல் இருந்தது, கரண்டியைப் போட்டுவிட்டுக் குடையோடு கிளம்பினாள். செருப்பில் சேறு ஒட்டினால் கெட்டது, ஒட்டாவிட்டால் நல்லது... ஒட்டியது, கொஞ்சம்தான், கொஞ்சம் என்றால் எவ்வளவு? வயலில் இறங்கிக் குத்துக்காலிட்டு ஆள்காட்டி விரலை உழவுசாலில் மெல்ல இறக்கினாள். முதல் கணு வரை ஈரம், ஜில்லென்று, ஐயோ, இன்னும் உள்ளே, இன்னும்... புழுதி. வெதுவெதுப்பான, காய்ந்த புழுதி. விரல் நுனியில் ஒரு சோளம் உருண்டது, கல்போல, ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. தூங்குடா ராசா, மேற்கே கறுத்துக்கொண்டு நிற்கிறதே, அதுதான் உன்னுடைய மழை, அது வந்து எழுப்பட்டும்.

எழுந்தபோதுதான் கண்ணில் பட்டது, அதே சாலில் நாலடி தள்ளி ஈரமண்ணில் ஓர் உள்ளங்கைத் தடம், அகலமானது, அதற்கப்பால் இன்னொன்று, இன்னொன்று... ஆறு. பக்கத்தில் அவர் கால் தடம். கடைக்குப் போன மனுஷன். ஒரு தடவை விரல் விட்டுப் பார்த்தது போதாமல் ஆறு தடவை பார்த்திருக்கிறார். எதற்கு, நான் அப்பவே சொன்னேன் என்று இவள் முகத்துக்கு நேரே சொல்லவா? அதற்காக வந்தவர் பார்த்த குழியை அப்படியே போட்டுவிட்டுத்தானே போயிருப்பார், ஒவ்வொன்றாக மூடி, தூறல் விதைவரை இறங்கிவிடாதபடி தட்டிக்கொடுத்துக்கொண்டா இருப்பார்? புறங்கையில் மறுபடி ஒரு தூறல் துளி விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள், அவள் விரல் விட்ட குழி மட்டும் திறந்தே கிடந்தது.