அக்காவின் முதுகுக்குப் பின்னால்

அக்காவுக்குக் காது மந்தமாகி வருவதைத் தங்கை கண்டுபிடித்தது வீட்டில் அல்ல, பந்தயத் தடத்தில்.

காரை வரைவதும் கட்டுவதும் தங்கை, ஓட்டுவது அக்கா. பதினோரு வருடமாக இதே ஏற்பாடு. என்ஜின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றுகிறவள் அக்கா. மீட்டர் முள்ளைப் பார்த்து ஓட்டுகிறவர்களை, "இன்னும் நடைவண்டியை விடலை பாரு" என்று கிண்டலடிப்பாள். அந்தக் கோடையில், நேர்ப்பாதையில் என்ஜின் தொண்டை கிழியக் கத்தியும் அவள் கியரை மாற்றவில்லை. மூன்று சுற்றிலும் அதே கதை.

"என்னக்கா, கியர் மாத்த மறந்துட்டியா?"

"ஹெல்மெட் புதுசு. காதை அடைக்குது."

ஹெல்மெட் போன வருடத்தது. தங்கைக்குப் புரிந்துவிட்டது. கேட்டால் அக்கா அன்றைக்கே காரை விட்டு இறங்கிவிடுவாள், அவ்வளவு ரோஷக்காரி.

மறுவாரமே புது வரைபடம் போட்டாள். காரின் மூக்கில் இருந்த என்ஜினை அக்காவின் இருக்கைக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில் கொண்டுவந்தாள். கனம் நடுவுக்கு வந்தால் கார் வளைவுகளில் சட்டென்று திரும்பும் என்று அக்காவிடம் சொன்னாள். அது உண்மைதான். சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. அதிர்வை விழுங்கும் ரப்பர் துண்டுகள் எதையும் வைக்காமல், என்ஜினையும் இருக்கையையும் ஒரே சட்டத்தில் இறுக்கச் சொன்னாள்.

"ரப்பர் இல்லேன்னா உங்க அக்காவுக்குப் பல்லெல்லாம் ஆடுமேம்மா" என்றார் பட்டறையின் வெல்டர் மாமா.

"ஆடட்டும் மாமா."

நாலு மாதத்தில் கார் தயாரானது. முதல் ஓட்டம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. மூன்றாவது சுற்றில், பழைய பழக்கத்தில் அக்கா வளைவுக்கு நடுவே பிரேக்கை மிதித்தாள். நடுவுக்கு வந்த என்ஜினின் கனம் காரின் பின்பக்கத்தை வெளியே வீசியடித்தது. கார் இரண்டு முறை சுழன்று புல்லில் போய் நின்றது.

தங்கை பதறியடித்துக்கொண்டு ஓடினாள். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். ஒரு கீறலும் இல்லை. ஆனால் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஒவ்வொரு கியரும் முதுகுல தெரியுதுடி. எப்ப மாத்தணும்னு முதுகெலும்பே சொல்லுது." தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"கோடையில இருந்து."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ இறங்கிடுவியே."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. "இடது காது சுத்தமாப் போச்சு. டாக்டர்கிட்டப் போனா ஓட்டக்கூடாதுன்னு சொல்லிடுவாரோன்னு பயம்."

"நாளைக்குப் போறோம். நானும் உள்ள வந்து உக்காருவேன்."

"நாளைக்கு பிரேக் பாக்கணும்டி."

"பிரேக் எங்கயும் ஓடிடாது."

இடது காது திரும்பாது என்றார் டாக்டர். வலது காதுக்கு ஒரு கருவி கொடுத்தார். தடத்தில் காட்டும் சைகைக் கொடிகளைக் கண்ணால் பார்த்தால் போதும், ஓட்டத் தடையில்லை என்று எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளை அக்கா வழி நெடுக நாலு தடவை படித்தாள்.

அடுத்த பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தாள். கோப்பையெல்லாம் ஒன்றும் இல்லை. ஒரு கியர்கூடத் தவறவில்லை.

கார் நின்றதும் தங்கை ஓடிவந்து, ஹெல்மெட்டுக்குள் கருவியைப் போட முடியாது என்பதால், அக்காவின் வலது காதருகே குனிந்து சுற்றுக்கான நேரத்தை உரக்கச் சொன்னாள். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி, பையிலிருந்து கருவியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"இப்ப மெதுவாச் சொல்லு" என்றாள். "இன்னொரு தடவை கேக்கணும்."