திரும்பி வராத தையல்

"லைனிங் வச்சது எதுவும் திரும்பி வராம இருந்ததில்ல, மெஹரு. நாப்பது வருசமாப் பாக்குறேன்."

"இது கோட்டு இல்லீங்க. உங்க வயித்துக்குள்ள ஓடுற ரத்தக்குழாயி."

உமர் பாரூக் சட்டைப் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார். தையல்கடையை மூடி மூன்று நாளாகியும் டேப் மட்டும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. ஆறு சென்டிமீட்டருக்கு விரித்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். குழாய் அவ்வளவு வீங்கியிருக்கிறது, வெடித்தால் இங்கே வந்து சேர நேரம் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இம்புட்டுதான். ஒரு காலர் அகலம் வருமா?"

அவர் மனைவி மெஹருன்னிசா வராந்தா நாற்காலியில் கால்களை நீட்டினாள். டாக்டர் விளக்கிய இரண்டு வழிகளையும் யோசித்து யோசித்து அவளுக்கு அலுத்துவிட்டது. வயிற்றைத் திறந்து, வீங்கிய இடத்தில் துணிக்குழாய் வைத்துத் தைப்பது ஒன்று. தாங்கிவிட்டால் பிறகு இந்தப் பக்கம் அதிகம் வரவேண்டியதில்லை. ஆனால் அவருடைய பலவீனமான இதயம் அறுவை மேசையிலேயே நின்றுபோகலாம். தொடை வழியாகத் துணிக்குழாயைச் செலுத்தி, வீங்கிய குழாய்க்குள்ளேயே லைனிங் போல விரித்துவிடுவது இன்னொன்று. இரண்டு மூன்று நாளில் வீடு. ஆனால் அது நழுவலாம், கசியலாம். உயிருள்ளவரை வருடந்தோறும் ஸ்கேன். டாக்டர் சொன்னது இரண்டாவதை. கையெழுத்துப் போடவேண்டியவர் இவர்.

மாதிரிக்கு ஒரு குழாயை டாக்டர் காட்டியபோது இவர் அதை விரல்களால் தேய்த்துப் பார்த்து, "பாலியஸ்டர்தானே சார்? நல்ல நெசவு" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தைத்த துணி ஆல்டரேசனுக்குத் திரும்பி வந்தால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. ஓரத்தில் ஒரு தையல் போட்டுக் கொடுக்காமல், முழுவதையும் பிரித்துப் புதிதாகத் தைப்பார். கடைக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்த பிடிவாதம். இப்போது அதைத் தன் உடம்பிலும் காட்டுகிறார்.

"திறந்தே தைக்கச் சொல்லிருவோம். ஒரே தையல். ஃபர்ஹா ஆனையூர்லருந்து வருசா வருசம் ஸ்கேனுக்குன்னு பஸ் மாறி அலைய வேணாம்ல."

"மகள இழுக்காதீங்க. உங்க தையல் திரும்பி வரக்கூடாது, அம்புட்டுதான்."

நர்ஸ் வந்து படிவத்தையும் பேனாவையும் நாற்காலிக் கையில் வைத்தாள்.

"எந்த ஆபரேசன்னு டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டுருங்கய்யா. இந்தா வாரேன்."

அவள் போனதும் மெஹருன்னிசா மெதுவாகக் கேட்டாள்: "ஆல்டரேசனுக்கு வந்தவங்க யாரு? அந்தச் சட்டையப் போட்டுக்கணும்னு ஆசப்பட்டவங்கதானே. வேணாம்னு நெனச்சவன் கொடியிலயே விட்டுருப்பான்."

"வாயி மட்டும் ஓயாது உனக்கு."

அவர் டேப்பை விரலில் சுற்றத் தொடங்கினார். ஆறு சென்டிமீட்டர் மிச்சமிருக்கும்போது அது இறுகி நின்றது. மறுமுனை மெஹருன்னிசாவின் கையில் இருந்தது.

"வருசா வருசம் நான் கூட்டிட்டு வாரேன்" என்றாள். "திரும்பித் திரும்பி வாங்க. எனக்காக வருவீங்களா?"