பீச் ஐஸ்கிரீமும் கால்சியம் குளோரைடும்

அமெரிக்காவில், அயோவா மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் லூத்தரன் சர்ச்சில் ஜூலை மாதம் ஐஸ்கிரீம் போட்டி நடக்கும். நடுவில் தகர டப்பாவும் மேலே கைப்பிடியும் வைத்த மர வாளியோடு அவரவர் வந்து, டப்பாவைச் சுற்றி ஐஸை நிரப்பி, புல்தரையில் உட்கார்ந்து கையால் சுற்றிச் செய்ய வேண்டும். பரிசு ஒரு நீல ரிப்பன். அதற்காக அயோவாக்காரர்கள் முட்டிமோதுவதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

இந்தத் தடவை வேதியியல் வாத்தியார் லோவெலுக்கு அந்த ரிப்பன் வேண்டியிருந்தது. கிடைத்தால் அன்றைக்கே என் தங்கை ஆர்லிஸிடம் கல்யாணப் பேச்சை எடுப்பதாக என்னிடம் ரகசியமாகச் சொன்னார். வருஷக்கணக்காக அவளோடு சுற்றுகிற மனுஷனுக்கு, வாயைத் திறக்க ரிப்பன் தேவைப்பட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வாயில் எது தங்கும்? அன்று மாலையே ஆர்லிஸ் காதில் போட்டுவிட்டேன்.

குளிர் கூட வேண்டும் என்று எல்லோரும் வாளி ஐஸில் சாதா கல்லுப்புதான் போடுவார்கள். இவர் மட்டும், பனிக்காலத்தில் வாசல் பனியை உருக்கத் தூவி மிச்சமான கால்சியம் குளோரைடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சாதா உப்பு சோம்பேறிங்க. அது கைவிரிக்கிற குளிர்லகூட இது ஐஸை உருக்கும். நம்ம வாளிதான் இங்க ரொம்ப ஜில்லுனு ஆகப்போகுது, பாருங்க."

ஆர்லிஸ் நடு டப்பாவில் பீச் பழக் கலவையை ஊற்றினாள். அவர் சுற்றினார். மற்றவர்களுக்கெல்லாம் ஐஸ்கிரீம் கெட்டியாகிக் கைப்பிடி இறுகிக்கொண்டே வர, இவருடையது மட்டும் லொடலொடவென்று ஓடியது. ஐஸ் கரையக் கரைய இன்னும் கொஞ்சம் உப்பைக் கொட்டினார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

ஆர்லிஸ் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"வாத்தியாரே, இது குழந்தையைக் குளிப்பாட்டுற பதத்துல இருக்கே."

அவரும் கையை விட்டார். முகம் தொங்கிப்போனது. வருஷாவருஷம் பிள்ளைகள் கையில் கண்ணாடிக் குவளை கொடுத்து அவரே நடத்துகிற பாடம்: தண்ணீரில் போட்டால் அம்மோனியம் குளோரைடு சில்லிட வைக்கும், சமையல் உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது, கால்சியம் குளோரைடு சூட்டைக் கக்கும். ரிப்பன் நினைப்பில் அந்தப் பாடம் மறந்துபோயிருந்தது.

ரிப்பன், பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த டெல்ஃபினின் வெனிலா ஐஸ்கிரீமுக்குப் போனது. லோவெல் தலை நிமிராமல், வாளிக்குள் விட்ட கையோடு, இந்த வருஷம் சோளம் நன்றாக வந்திருப்பதாக என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

ஆர்லிஸ் பீச் கலவையைக் காகிதக் கோப்பையில் ஊற்றி முழுக்கக் குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"ரிப்பன் கெடைச்சா என்கிட்ட ஏதோ கேக்கறதா இருந்தீங்களாமே. அடுத்த ஜூலை வரைக்கும் எனக்குப் பொறுமை இல்ல. நீங்க கேக்கறீங்களா, இல்ல நானே கேட்டுடட்டுமா?"

லோவெல் என்னை முறைத்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

பிறகு கேட்டார், வாளியிலிருந்து கையை எடுக்காமலேயே.